திருப்பிக் கொடுத்த லைற்

எங்கள் காரின் முன் லைற்றுகள் மங்கிவிட்டன என்று முதலில் சொன்னது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நான் பேசிய பேச்சுகளைப் படிக்கும்போது, இந்த மனுசிக்கு எவ்வளவு வாய் என்று உங்களுக்குத் தோன்றும். அந்த வாய்தான் எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அது. மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை, நானும் அவரும்தான். அதற்கு முன் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அங்கே படியிறங்கினால் தமிழ்க்கடை, நாலு எட்டு நடந்தால் மெட்றோ. பியர்பொன்ட்ஸில் கார் இல்லாவிட்டால் பாணும் வாங்க முடியாது. என் கணவருக்கு ஜான்-டலோன் சந்தையில் வேலை. லொறியில் வரும் மரக்கறிப் பெட்டிகளை இறக்கி, பழுதானதைக் கழித்து, கடைகளில் அடுக்க வேண்டும். விடியப்புறம் நாலரைக்கே வீட்டிலிருந்து வெளிக்கிட்டுவிடுவார். நான் பக்கத்தில் இருந்த ஒரு கார்ட்றியில், அதாவது பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்குத் துடைத்து, நித்திரையாக்கிக்கொண்டிருந்தேன்.

கார் பழசு. முன் லைற்றின் பிளாஸ்ரிக் மூடி மஞ்சள் பூத்து, பல வருடம் கறி வைத்த சாப்பாட்டுப் பெட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவருக்கோ நீரிழிவு, சீனி வருத்தம். நாற்பத்தைந்து வயதிலேயே இருட்டில் கண் சரியாகத் தெரியாது. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒக்ரோபரில் ஒருநாள் விடியற்காலை நானும் அவருடன் காரில் போனேன். நாயைக் கூட்டிக்கொண்டு றோட்டைக் கடந்த ஒரு மனிதரை அவர் காணவில்லை. நான் கத்தினேன். கார் நின்றது. நாய்க்காரர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். அது நல்ல விதமான கையாட்டல் அல்ல. ஒன்றில் லைற்றை மாற்றுங்கள், இல்லாவிட்டால் காரை விற்றுப்போட்டு பஸ்ஸில் போங்கள் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

லைற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன் மாதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காரின் முன்பக்கத்தில், றேடியோவுக்கு மேலே, ஒரு மாதா சொரூபம் இருந்தது. உள்ளங்கை அளவு. காலடியில் சிவப்பு மூடி போட்ட ஒரு சின்ன பல்ப். அது என் தம்பியுடையது. அவன் மன்னாரில் ஹயர் வான் ஓடினவன். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது கொழும்பு வரைக்கும் அவன்தான் கொண்டுவந்து விட்டான். விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டு, திரும்பிப் போய் வானின் முன்பக்கத்திலிருந்து மாதாவைப் பெயர்த்தெடுத்தான். பல்பையும் வயரையும் அதைச் சுற்றிக் கட்டி, தன் சேர்ட் ஒன்றில் பொதிந்து என் கையில் தந்தான். "அக்கா, அங்கை கார் வாங்கினா முன்னுக்கு வை. வேற இடத்திலை வைச்சிடாதை," என்றான். அவனுடைய வானுக்கு வேறு மாதா வாங்கிக்கொண்டானா என்று நான் கேட்டதேயில்லை.

கார் வாங்கியதும் எங்கள் பங்குச் சுவாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். மாதாவை முன்னுக்கு வைத்தோம். திறப்பைப் போட்டால் பல்ப் எரியும், எடுத்தால் அணையும்.

அந்த வருடம் ஆவணியில் தம்பி காணாமல் போனான். வானைக் கழுவக் கொண்டுபோனவன் திரும்பி வரவில்லை. வான் மட்டும் றோட்டோரத்தில் நின்றதாம், திறப்பும் அதிலேயே இருந்ததாம். அம்மா ரெலிபோனில் இதைச் சொல்லும்போது அழவில்லை. வான் நல்லாய்க் கழுவியிருந்தது, உள்ளுக்கும் துடைத்திருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னா. நான்தான் அழுதேன்.

அழுது முடிந்ததும் ஒரு நேர்த்தி வைத்தேன். தம்பியைப் பற்றி ஒரு செய்தி வரும்வரை அவனுடைய மாதாவின் விளக்கு அணையக் கூடாது. இரவும் பகலும் எரிய வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கலாமே என்று அவர் கேட்டார். தம்பி சொன்ன இடத்தை விட்டு எடுக்க மாட்டேன் என்றேன். அவர் பற்றறி தெரிந்த மனிதர். மன்னாரில் கரண்ட் இல்லாத காலத்தில் ஊராரின் கார்ப் பற்றறிகளுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்துச் சீவித்தவர். சார்ஜ் ஏற்றிய ஒவ்வொன்றின் நெற்றியிலும் அன்றைய திகதியை எழுதி ஒட்டிவிடுவார். அப்போதுதான் அடுத்த முறை எப்போது என்று தெரியும் என்பார். ஒரு பல்ப் என்றாலும் ஓயாமல் எரிந்தால் பற்றறி இறங்கும், ஆனால் தினமும் கார் ஓடுகிறது, தாங்கும் என்றார். பத்து நிமிடத்தில் வயரை மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு திறப்பை எடுத்தாலும் மாதாவின் விளக்கு அணையவில்லை.

எங்கள் குசினி ஜன்னலிலிருந்து பார்த்தால் கார் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி. காலையில் முகம் கழுவுமுன் அதைத்தான் பார்ப்பேன். அது எரிந்தால் தம்பி எங்கேயோ இருக்கிறான். என் மனம் அப்படிக் கணக்குப் போட்டு வைத்திருந்தது. படித்தவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

நவம்பரில் அவர் புது லைற் வாங்கிவந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் கார்ச் சாமான் விற்கும் ஒரு தமிழர் கடை இருந்தது. கடைக்காரரும் மன்னார் பக்கம்தான், எங்களைவிட வயதில் இளையவர். கம்பனி போட்ட லைற் அல்ல இது, வெளியில் செய்தது. மூன்று மடங்கு வெளிச்சம் தருமாம். இரண்டு பல்ப், இரண்டு இரும்புப் பெட்டி, ஒரு குவியல் வயர். சனிக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் காரின் மூக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். நாலு மணிக்கு, பொழுதுபடுகிற நேரம், வந்து பார் என்று கூப்பிட்டார். முன்வீட்டு மதில் பளீரென்று வெள்ளையாக நின்றது. மதிலில் இருந்த ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணலாம். அவர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, லைற்றைப் பாராமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் பின்னுக்குப் போன சிரிப்பு அது. கலியாண வீட்டுப் படத்தில்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமையே கரைச்சல் தொடங்கியது. லைற் கண்ணடித்தது. பகலில் கார் ஓடும்போது இரண்டும் படபடவென்று துடித்து அணைந்து எரிந்தன. றேடியோ இரைந்தது. கார் துடிக்கிறதா லைற் துடிக்கிறதா என்று நான் கேலி செய்தேன். அவர் இரண்டு நாள் வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்டுபிடித்தார். இந்த நாட்டில் பகலிலும் காரின் முன் லைற் எரிய வேண்டும் என்பது சட்டம். அதற்காகக் கார் பகலில் அரைவாசிக் கரண்ட்தான் அனுப்பும். பழைய பல்ப் அரைவாசிக்கு மங்கலாக எரிந்துகொண்டு கிடக்கும். புதுசுக்கு முழுக்க வேண்டும், அரைவாசி கொடுத்தால் துடிக்கும். இதைச் சாப்பாட்டு மேசையில் கரண்டிகளையும் முள்ளுக்கரண்டிகளையும் அடுக்கி எனக்கு விளங்கப்படுத்தினார். சோறு ஆறுகிறது என்றேன்.

மறுபடியும் பார்க் எக்ஸ்டென்ஷன் கடைக்குப் போய் றிலே என்று ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்தார். பற்றறியிலிருந்தே நேராகக் கரண்ட் எடுத்து லைற்றுக்குக் கொடுக்கும் சாமான் அது. துடிப்பு நின்றது. ஆனால் இடது பக்கம் மட்டும் மங்கலாக எரிந்தது. அதற்கும் ஒரு சனிக்கிழமை போனது. கரண்ட் திரும்பி வருகிற எர்த் வயரை அவர் காரின் இரும்பில் பூட்டியிருந்தார். இந்த ஊரில் பனிக்காலம் முழுக்க றோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள்; அந்த இடம் உள்ளுக்குள்ளே கறள் பிடித்துப் போயிருந்தது. கறளுக்குள்ளால் கரண்ட் எப்படி ஓடும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மின்னுகிற இரும்பு தெரிந்த பிறகு திரும்பப் பூட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றாக எரிந்தன. அந்த மூன்று கிழமையும் அவர் சந்தோசமாக இருந்தார். இப்போது நினைத்தால், கனடாவுக்கு வந்தபிறகு தனக்குத் தெரிந்த வேலையை அவர் செய்தது அந்த மூன்று கிழமைதான்.

டிசம்பர் தொடக்கத்தில் குளிர் இறங்கியது. ஒரு காலை எழும்பி குசினி ஜன்னலால் பார்த்தேன். சிவப்புப் புள்ளி இல்லை.

வெறும் காலோடு ஓடினேன். அவர் காருக்குள் இருந்து திறப்பைத் திருகிக்கொண்டிருந்தார். டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. பற்றறி செத்துவிட்டது. மாதாவின் பல்ப் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கியூபெக்காரர் சத்தம் கேட்டு வந்து, தன் காரிலிருந்து கேபிள் கொழுவி உயிர் கொடுத்தார். என் கணவர் அவருக்கு மெர்சி என்று நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் மன்னாருக்கு ரெலிபோன் எடுத்தேன். ஏதும் செய்தி வந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். என் குரலைக் கேட்டுப் பயந்துபோய், உனக்கு ஆரும் ஏதும் சொன்னவையோ என்று அம்மா திருப்பிக் கேட்டா. இல்லை அம்மா, சும்மா என்றேன்.

அன்றிலிருந்து பத்து நாட்களுக்குள் மூன்று முறை அப்படி நடந்தது. மூன்று முறையும் புள்ளி அணைந்தது, மூன்று முறையும் நான் அம்மாவைக் கலவரப்படுத்தினேன்.

லைற் பூட்டுமுன் பற்றறி ஒருநாளும் சாகவில்லை. லைற் பூட்டியபின் சாகிறது. ஆகவே பிழை லைற்றில். இதற்கு மேல் யோசிக்க எனக்கும் தெரியவில்லை, தொடக்கத்தில் அவருக்கும் தோன்றவில்லை. பற்றறியைக் கொண்டுபோய்ச் சோதித்தார். பழசுதான், ஆனாலும் இந்தக் குளிரைத் தாங்கும் என்றார்கள். கார் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார்; ஏறியது. றிலே ஒட்டிக்கொண்டு உள்ளுக்குள் கரண்டைக் குடிக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, வேலையால் வந்ததும் தினமும் அதைக் கழற்றிக் கையோடு வீட்டுக்குள் கொண்டுவந்தார். விரல் நுனியெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்தது. றிலே எங்கள் மேசையில் கிடந்தது, காலையில் பற்றறி செத்துக் கிடந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் மீற்றரைக் கொண்டுபோனார். கார் ஓய்ந்திருக்கும்போது கரண்ட் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பற்றறிக்கும் வயருக்கும் இடையில் மீற்றரை வைத்துவிட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது மீற்றரின் இலக்கம் விழுகிறதோ, கள்ளன் அங்கே. வயரைக் கழற்றினால் மாதாவின் விளக்கு அணையும் என்பதால், அது ஒரு கணமும் அணையாதபடி மீற்றரின் இரண்டு நுனியையும் முதலில் பிடித்துக்கொண்டு பிறகுதான் வயரைத் தூக்கினார். எனக்காகத்தான் அவ்வளவு கவனம். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றேன். றேடியோ ஃபியூஸ், உள் லைற் ஃபியூஸ், ஹோர்ன் ஃபியூஸ். இலக்கம் அசையவில்லை. லைற்றின் வயர்கள் முழுவதையும் பற்றறியிலிருந்து விடுவித்தார். அப்போதும் அசையவில்லை. கடைசியில் ஒரேயொரு ஃபியூஸ்தான் மிச்சம். மாதாவின் பல்ப் எரிவது அதில்தான். அவர் கை அங்கே போனது.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். "அதைத் தொடாதேங்கோ," என்றேன்.

அவர் மீற்றரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஃபியூஸ் பெட்டியின் மூடியைப் போட்டார். லைற்றுக்குள்தான் எங்கேயோ கசிகிறது, பார்ப்போம் என்றார். வெள்ளைக்காரன் ஒருவன் என்றால் அதையும் பிடுங்கிப் பார்த்திருப்பான். காரில் இருந்த எல்லாவற்றையும் நாங்கள் சந்தேகப்பட்டோம். மாதாவை மட்டும் சந்தேகப்படவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு பிழையை விட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த நாள் காலை நாலாம் முறையாகப் புள்ளி அணைந்திருந்தது. நான் அவரைச் சாப்பிட விடவில்லை, சப்பாத்துப் போட விடவில்லை. கதவடியில் வழிமறித்து நின்று சொன்னேன். "உங்கட லைற் என்ர தம்பியைக் கொல்லுது."

கோபத்தில் சொன்னது என்று நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். அவருக்கு நோக வேண்டும் என்றே சொன்னேன். அவர் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினார். வழக்கத்தைவிடக் கூட நேரம் எடுத்தது.

சனிக்கிழமை அவர் புது லைற்றைக் கழற்றிவிட்டுப் பழைய மஞ்சள் லைற்றைப் போட்டார். அரை மணித்தியால வேலை. அவர் பொழுதுபடும் வரைக்கும் காருக்குள்ளேயே இருந்தார். ஒருமுறை எட்டிப் பார்த்தபோது, முன் சீற்றில் குப்புறக் கிடந்து, கையுறைப் பெட்டிக்குள் தலையை விட்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். ஆசையாய்ப் பூட்டிய லைற்றைக் கழற்ற மனமில்லாமல் மினக்கெடுகிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்ததும், ஒரு நிமிடம் மாதாவின் விளக்கை அணைக்க வேண்டி வந்தது, மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன், பல்பும் புதுசு போட்டிருக்கிறேன் என்றார். ஜன்னலால் பார்த்தேன். வெளிச்சம் முந்தியதைவிடக் கொஞ்சம் சிறிதாக, கடும் சிவப்பாக இருந்தது. எரிந்தது, எனக்கு அது போதும்.

அதன்பிறகு பற்றறி ஒருநாளும் சாகவில்லை. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, வென்றவள் மாதிரி அவரிடம் போனேன். பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன் அல்லவா என்றேன். "ஓம். லைற்றுதான்," என்றார் அவர்.

அந்தப் பனிக்காலத்திலிருந்து அவர் இருட்டில் கார் ஓடுவதை விட்டுவிட்டார். மஞ்சள் லைற்றில் தனக்குத் தெரியவில்லை என்பதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். விடியப்புறம் முதல் பஸ்ஸைப் பிடித்து, மெட்றோவில் மாறி, சந்தைக்குப் போனார். சிலநாள் குளிர் சைபருக்குக் கீழே இருபத்தைந்து வரை போகும்; பஸ் பிந்தும். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் பனி ஒட்டியிருக்கும். இதையும் நான் நல்லதாக எடுக்கவில்லை. லைற்றைக் கழற்ற வைத்ததற்காக என்னோடு முறுகிக்கொண்டு, வேண்டுமென்று என்னைக் குற்றவாளியாக்குகிறார் என்று நினைத்தேன். அதையும் சொன்னேன். நான் சொல்லாமல் விட்ட பேச்சு என்று எதுவும் கிடையாது.

இன்னொரு பழக்கமும் அவருக்குத் தொற்றியது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் கடைசிப் பாட்டுத் தொடங்கியதும் எழும்பிப் போய்விடுவார். காரைச் சூடாக்க வேண்டுமாம். பனிக்காலத்தில் சரி. யூலை மாதத்திலும் போனார். ஆடி வெயிலில் என்னத்தைச் சூடாக்குகிறீர்கள், பாட்டு முடியும்வரை மாதாவுக்கு முன்னால் நிற்கக் கால் வலிக்கிறதோ என்று காருக்குள் ஏறும்போதே தொடங்கிவிடுவேன். சூடு பார்க்க வேண்டும், குளிர் பார்க்க வேண்டும் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். மாதா முன்னால் சிவப்பாக எரிந்துகொண்டிருப்பா.

இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் போனது. தம்பியைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. அம்மா போகாத அலுவலகம் இல்லை. ஊரில் சண்டை பெருத்துக்கொண்டு போனது, ரெலிபோன் லைன் கிடைப்பதே அரிதானது. விளக்கு மட்டும் அணையவில்லை. அதை நம்பிக்கொண்டுதான் நான் எழும்பினேன், கார்ட்றிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினேன், படுத்தேன்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, அவர் முகம் சரியில்லாமல் இருந்தது. வேர்த்திருந்தது. பூசையில் முழந்தாளிட்டு எழும்பும்போது முன்னால் இருந்த மர வாங்கைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பாட்டு வந்ததும் வழக்கம்போல எழும்பினார். இன்றைக்காவது நில்லுங்கோவேன் என்று நான் மெல்லச் சீறினேன். இப்ப வாறன் என்று கையால் காட்டிவிட்டுப் போனார். நான் பாட்டு முடித்து, நாலு பேருடன் கதைத்து, ஆறுதலாகத்தான் வெளியே வந்தேன். அவர் காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வீட்டுக்கு நான்தான் காரை ஓடினேன். வழி முழுக்க அவரை ஏசிக்கொண்டே ஓடினேன்.

திங்கள் விடிய ஆஸ்பத்திரி. புதன்கிழமை அவர் போய்விட்டார். இதயம். பஸ்ஸுக்குக் காத்து நின்ற குளிரால் அப்படி வராது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் நல்ல மனிதர். நான் அதை நம்பவில்லை.

செத்த வீடு முடிந்து, ஆட்கள் போய், வீடு வெறிச்சோடியது. காரை வைத்துக்கொண்டேன். தினமும் ஸ்ராட் பண்ணி, கார்ட்றிக்கும் கடைக்கும் ஓடினேன். பற்றறி இறங்கிவிடக் கூடாது, விளக்கு அணைந்துவிடக் கூடாது என்ற பயம். முப்பத்தோராம் நாள் பூசைக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் குசினி ஜன்னலால் பார்த்தேன். சிவப்புப் புள்ளி இல்லை.

இந்த முறை ஓடவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். தம்பியும் போய்விட்டான் என்று நினைத்தேன். இரண்டு பேரும் போய்விட்டார்கள், இனி எழும்ப வேண்டிய தேவை இல்லை என்று நினைத்தேன். நெடுநேரம் கழித்து வெளியே போய்த் திறப்பைப் போட்டேன். கார் முதல் திருகலிலேயே ஸ்ராட் ஆனது. எனக்கு விளங்கவில்லை. பற்றறி நல்லாக இருக்கிறது, றேடியோ பாடுகிறது, லைற் எரிகிறது. மாதாவின் பல்ப் மட்டும் செத்துக் கிடக்கிறது.

வேறு யாரைத் தெரியும் எனக்கு? பார்க் எக்ஸ்டென்ஷனில் லைற் விற்ற கடைக்காரரிடம் போனேன். செத்த வீட்டுக்கு வந்தவர்தான். கடையை விட்டு இறங்கிவந்து, மாதாவின் பின்னால் போன வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது ஃபியூஸ் பெட்டிக்குப் போகவில்லை. கையுறைப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் கையை விட்டு, கறுப்பு ரேப் சுற்றிய ஒரு பொதியை எடுத்தார். ரோர்ச் லைற்றுக்குப் போடும் தடித்த பற்றறி, நாலு.

"அக்கா, இது கார்ப் பற்றறியிலை எரியேல்லை. தனியா எரிஞ்சிருக்கு," என்றார்.

பிறகு பொதியைக் கையில் உருட்டிக்கொண்டு, இன்னும் ஒன்று இருக்கிறது அக்கா, சொல்லட்டோ என்றார். நான் சொல்லச் சொன்னேன். சொன்னார். அந்த டிசம்பரில் என் கணவர் வந்து, கரண்ட் குடிக்காத சின்னச் சிவப்பு லைற் ஒன்று கேட்டு வாங்கினாராம். அடுத்த கிழமை, பூட்டிய பெரிய லைற்றைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்தாராம். லைற்றில் என்ன பிழை என்று கடைக்காரர் கேட்டதற்கு, ஒரு பிழையும் இல்லை, அருமையான லைற், பற்றறியைக் குடித்தது மாதாவின் பல்ப்தான், அது ஓயாமல் எரிந்ததைக் கார்ப் பற்றறி கோடையில் தாங்கியது, குளிரில் தாங்கவில்லை என்றாராம்.

"பிறகேன் அண்ணை கழட்டினனீங்கள் எண்டு கேட்டன்," என்றார் கடைக்காரர். "அவவின்ர விளக்குத்தான் தன்னைத் தானே அணைக்குது எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது, அவவுக்குக் காட்டுறதுக்கு எனக்கொரு பிழை வேணும் எண்டவர்."

நான் அந்தப் பொதியை வாங்கிப் பார்த்தேன். ரேப்பின் மேல் ஒரு வெள்ளைக் கடதாசி ஒட்டியிருந்தது. அதில் அவருடைய சின்ன எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாகத் திகதிகள். இடம் முடிந்ததும் இன்னொரு கடதாசி, அதன் மேல் இன்னொன்று. பற்றறி சாகுமுன்பே, இரண்டு கிழமைக்கு ஒன்று, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. நடுங்கிய எழுத்தில் இருந்த கடைசித் திகதி அந்தப் பெப்ரவரி ஞாயிறு. நெஞ்சு நோவோடு எழும்பிப் போய், நான் உள்ளே பாடிக்கொண்டு நிற்க, சீற்றில் குப்புறக் கிடந்து அவர் பற்றறி மாற்றியிருக்கிறார். மாற்றி, திகதியும் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு நான் வந்து ஏறி, வீடு வரைக்கும் அவரை ஏசிக்கொண்டு வந்தேன்.

கடையடியில் றோட்டில் நின்று நான் அழுதேன். தம்பிக்கு அழுததைவிட அதிகம் அழுதேன். அந்த மனிதர் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு இருட்டில் பஸ்ஸுக்கு நின்றார். நான் அதை முறுகல் என்றேன். பிழை என்னுடையது. அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, லைற்றுதான் என்று ஒரு சொல்லில் முடித்தார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் அது குறையவில்லை.

பக்கத்தில் இருந்த டெப்பனர் என்கிற பெட்டிக்கடையில் நாலு பற்றறி வாங்கினேன். லைற் கடைக்காரர் போட்டுத்தர வந்தார். வேண்டாம், எப்படிப் போடுவது என்று காட்டித் தாருங்கள் என்றேன். நாலாவதைச் செருகியதும் மாதாவின் காலடியில் சிவப்பு எரிந்தது. பேனை வாங்கி, அவர் எழுதிய கடைசித் திகதிக்குக் கீழே அன்றைய திகதியை எழுதினேன்.

தம்பியைப் பற்றிச் செய்தி எதுவும் இன்னும் வரவில்லை. அம்மாவும் போய்விட்டா. அந்தக் காரும் போய்விட்டது. இப்போது இருக்கும் காரின் முன்பக்கத்திலும் அதே மாதா, அதே நாலு பற்றறி. ஞாயிறு பூசையில் கடைசிப் பாட்டுத் தொடங்கியதும் நான் எழும்புகிறேன். பக்கத்து வாங்கில் இருக்கும் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். போன யூலையில் ஒருத்தி, எங்கை அக்கா போறீங்கள் என்று கேட்டாள். காரைச் சூடாக்கப் போகிறேன் என்றேன்.